புதுப் பெட்டியும் ஏழாம் கடிதமும்

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலை ஒட்டிய மர நாற்காலியில் நான். எதிரே கட்டிலின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக, என் மகள். மருந்துக் கடையில் வேலை, சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து வசதியாக மாப்பிள்ளை. வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் மின்விசிறிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். வாசல் நிலையில் முதுகைக் கொடுத்துத் தரையில் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி. நாற்காலி மேசை செய்து விற்கிறார், ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் தரையில்தான் உட்காருவார். இன்னொரு நாற்காலியும் இருந்தது. அது என் மனைவியுடையது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதில் யாரும் உட்காரவில்லை. பழுதான சிடி பிளேயரை அதன்மேல் வைத்திருந்தோம்.

நாற்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவன் நான். வந்த கடிதம், போன கடிதம், யார் முன்னிலையில் எந்தக் கட்டு பிரிக்கப்பட்டது என்று எழுதி எழுதி அந்தப் பழக்கம் விரலில் ஊறிவிட்டது. ஆகவே அன்றும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ‘புதியது’. வலப்பக்கம் ‘மாற்றி அமைத்தது’.

“அத்தான் கோடு போட்டுட்டாரு. இனிமே பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போன மாதிரிதான்,” என்றார் மைத்துனர்.

பிரச்சினை இதுதான். எங்களுக்கு ஒரே ஒரு சிடியைக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் என் மகன் அதற்கென்று பணம் அனுப்பியிருந்தான். கடையில் புதுசு, மெக்கானிக் மாற்றி அமைத்த பழசு, அந்தப் பணத்துக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் வரும். புதுப் பெட்டி வாங்கினால் பஸ் கூலிக்குத்தான் மிச்சம்.

அந்தச் சிடியில் இருப்பது பாட்டு அல்ல. என் மனைவி ஒரு தட்டச்சுப் பள்ளியில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தாள். மாணவர்கள் வீட்டில் எழுதிப் பழகுவதற்காகத் தன் குரலில் பன்னிரண்டு கடிதங்களை வாசித்துப் பதிவு செய்தாள். எல்லாமே உப்புச் சப்பில்லாத வியாபாரக் கடிதங்கள். ‘ஐயா காற்புள்ளி தங்கள் கடிதம் கிடைத்தது முற்றுப்புள்ளி’ என்று நிறுத்தி நிதானமாக, ஒரே வேகத்தில் போகும். பள்ளி எப்போதும் சத்தமாக இருக்கும் என்பதால் பள்ளிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரையும் மைக்கையும் எங்கள் வீட்டு உள்ளறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

என் மகன் ஊரை விட்டுப் போய் அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. போய்ச் சேர்ந்தான் என்று யாரோ சொன்னதோடு சரி, ஒரு போன் இல்லை. அவள் ஏழாவது கடிதத்தைப் பாதி வாசித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது. அவன்தான். நான் எல்லாவற்றையும் மறந்து உள்ளறைக் கதவைத் தடாலென்று திறந்தேன்.

அது அப்படியே பதிவாகிவிட்டது. ‘தாங்கள் அனுப்பியதாகக் குறிப்பிட்டுள்ள சரக்கு இன்றுவரை வந்து சேரவில்லை என்பதை’ என்ற இடத்தில் கதவு திறக்கும் சத்தம். பிறகு அவள் குரல், வேறொரு குரலாக: “யாரு, பையனா? சாப்பிட்டானான்னு கேளுங்க. இருக்கச் சொல்லுங்க, ஒரு முற்றுப்புள்ளி வச்சுட்டு வந்துடறேன்.” ஆனால் அவள் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. நாற்காலி தரையில் இழுபடுகிறது. கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் நான்கு நிமிஷம், தூரத்தில், கூடத்தில் அவள் போனில் பேசுவது கேட்கும். வார்த்தை புரியாது. சிரிப்பு மட்டும் புரியும்.

பள்ளிக்காரர் கவனிக்காமல் அதையும் சேர்த்துச் சிடியில் ஏற்றிவிட்டார். மறுநாள் அவள் ஏழாவது கடிதத்தை மட்டும் திரும்ப வாசித்தாள். மாணவர்களுக்குப் போனது திருத்திய சிடி. கெட்டுப்போன முதல் சிடி எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது. உலகத்தில் அது ஒன்றுதான்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தது பதினோரு நாள். மகன் வேலை செய்யும் இடத்தில் விடுப்புக் கொடுக்கவில்லை. கடைசியில் முகம்கூடப் பார்க்கவில்லை. இப்போது முதல் தடவையாக வருகிறான். போனில் சொன்னான்: “வந்ததும் முதல்ல அந்தச் சிடியைத்தான்ப்பா கேக்கணும். அம்மா என்னை இருக்கச் சொல்றாங்களே, அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதே இல்ல.”

அவன் வருவதற்கு இரண்டு மாதம் இருந்தது. பழைய பெட்டி அதற்குள் கண்ணை மூடிக்கொண்டது.

அதை நான் கடைத்தெரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தேன். அவருக்குப் ‘பத்து நிமிஷம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அந்தப் பத்து நிமிஷம் சில சமயம் பத்து நாள் ஓடும். அவர் பெட்டியைத் திறந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்து, “இதுக்குச் சிடியைப் படிக்கற கண்ணு போயிடுச்சு சார். இந்தக் கண்ணு இப்ப வரதில்ல,” என்றார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை இழுத்தார். பழைய பெட்டிதான், ஆனால் மேல்மூடி இல்லை. சிடியை வைத்து அதன்மேல் ஒரு காந்த வில்லையை வைக்க வேண்டும். முன்பக்கப் பொத்தான்களில் இரண்டு வேறு நிறம்.

“உள்ள இருக்கறது கார்ல வர பிளேயரோட லென்ஸ். நானே மாத்திப் போட்டேன். குண்டும் குழியுமான ரோட்டுல குலுங்கிக்கிட்டே படிச்சுப் பழகினது. உங்க சிடியில கீறலா, அழுக்கா, கோணலா, அதெல்லாம் இதுக்குத் தூசு. லேசர் வெளிச்சத்தை வேற கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேன். என்ன, ஆயுசு கொஞ்சம் கம்மி. ஒரு வருஷம் ஓடும், ரெண்டு வருஷம் ஓடும், அதுக்குமேல நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிடியைக் கொண்டாங்க, போட்டுப் பாத்துட்டே முடிவு பண்ணுங்க.”

“அந்தச் சிடி வீட்டைத் தாண்டி வெளியே வராது,” என்றேன்.

“அப்ப நான் பெட்டியைத் தூக்கிட்டு வரேன். பத்து நிமிஷம்.”

நாங்கள் கூடத்தில் கூடிய அன்று அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான்காவது நாள்.

“மாமா, நான் கடைக்காரனாச் சொல்லல,” என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

“கடைக்காரன் ஆரம்பிக்கறதே அப்படித்தான்,” என்றார் மைத்துனர்.

“நீங்க கொஞ்சம் இருங்க சித்தப்பா. மாமா, புதுசுன்னா ஒரு வருஷம் கேரண்டி. கார்டுல சீல் அடிச்சுத் தருவாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்கறதுன்னு தெரியும். அந்த ஆளை எங்க போய்த் தேடுவீங்க? மூடியே இல்லாத பெட்டியை வாங்கிட்டு வந்து நடுக் கூடத்துல வைக்கப் போறீங்களா?”

“உங்க மாமனாருக்கு மூடி எதுக்குய்யா? அவர் வாயே மூடிதான்,” என்று மைத்துனர் சொல்ல, என் மகள் உட்படச் சிரித்துவிட்டோம். அந்த வீட்டில் அப்படி நாலு பேர் ஒன்றாகச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. மாப்பிள்ளை அவரைச் ‘சித்தப்பா’ என்பது அவர்களுக்குள் இருக்கும் வேறு வழிச் சொந்தத்தால்.

மகள்தான் முதலில் நிறுத்தினாள். “அப்பா, இன்னும் ரெண்டு நாள் பாருங்களேன். அந்த மெக்கானிக் வரட்டும். நம்ம சிடியைப் போட்டுப் பாப்போம். எதுல ஓடுதோ அதை வாங்குவோம். இதுக்கு எதுக்குக் கோடு?”

நியாயமான பேச்சு. ஆனால் என் தாளில் புதியதன் பக்கம் ஐந்து குறி விழுந்திருந்தது. சீல் அடித்த கேரண்டி, பில், மூடி, ரிமோட், அறிவுறுத்தல் புத்தகம். மாற்றி அமைத்ததன் பக்கம் இரண்டே இரண்டு: ‘கீறலைப் படிக்கும் என்று சொல்கிறார்’, ‘கொஞ்சம் மலிவு’. எழுத்தில் இல்லாத ஒன்றை நான் வாழ்நாளில் நம்பியதில்லை. அடியில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

மகள் அதற்கு முன்பே பல தடவை சொல்லியிருக்கிறாள்: “பழைய பெட்டி ஓடறப்பவே போனைப் பக்கத்துல வச்சுப் பதிஞ்சுக்கலாம்ப்பா. அஞ்சு நிமிஷ வேலை.” ஒவ்வொரு தடவையும் நான், “நகல் எடுக்கறதா இருந்தா முறையா எடுக்கணும்,” என்று சொல்லியிருக்கிறேன். அன்று அவள் அதை ஞாபகப்படுத்தவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் கடையிலேயே பெட்டி வாங்கினோம். அங்கே ஒரு பாட்டுச் சிடியைப் போட்டுக் காட்டினார்கள். கணீரென்று பாடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் சிறு மேசையில் வைத்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு நம் சிடியை எடுத்து உள்ளே வைத்தேன்.

உள்ளே ஏதோ சுற்றியது. நின்றது. மறுபடியும் சுற்றியது. தொண்டையில் சளி கட்டினவர் மூச்சு விடுவதைப் போல ஒரு கரகரப்பு. பிறகு பச்சை எழுத்தில் ‘நோ டிஸ்க்’ என்று வந்தது. உள்ளே சிடியே இல்லையாம். நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் இல்லை என்றது.

அறிவுறுத்தல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது: காகிதம் ஒட்டிய சிடிகளைப் பயன்படுத்தக் கூடாது, சுற்றும்போது ஒரு பக்கம் பாரம் கூடி ஆடும்.

அந்தக் காகிதத்தை ஒட்டியது நான். என் மனைவி போன பிறகு அவளுடைய புத்தகங்களையும் நோட்டுகளையும் ஒழுங்கு செய்த வாரத்தில், எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினேன். அலுவலகத்தில் கட்டுகளுக்கு ஒட்டும் அதே வெள்ளை லேபிள், அதே கெட்டிப் பசை. அவள் உயிரோடு இருந்தவரை அந்தச் சிடியின் மேல் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளிதான். பார்த்ததும் அவளுக்கு எது என்று தெரியும். நான்தான் ‘சுருக்கெழுத்துப் பயிற்சி, முதற்பதிவு, திருத்தப்படாதது’ என்று எழுதி, அடியில் அவள் பெயரும் எழுதி ஒட்டினேன். பழைய பெட்டி அதையும் பொறுத்துக்கொண்டு ஓடியது.

ஆக, தடை எது என்று தெரிந்துவிட்டது. தடையை எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதைவிட எளிதான வேலை எனக்கு இல்லை. தபால் பிரிவில் தவறாக ஒட்டிய தபால்தலையைச் சேதமில்லாமல் எடுப்பதற்கு என்னிடம்தான் வருவார்கள். நாற்பது வருஷத்தில் ஒரு தபால்தலையின் ஓரப் பல்லைக்கூட நான் கிழித்ததில்லை. அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். இருபது நிமிஷம் ஊறவேண்டும். அவசரப்படக் கூடாது. பிறகு ஓரத்தில் கடிதம் பிரிக்கும் கத்தியின் முனையைக் கொடுத்து, ஒரே சீராக, காகிதத்தை இழுக்காமல் சுருட்ட வேண்டும்.

லேபிள் முழுசாக வந்தது. ஒரு கிழிசல் இல்லை. அதைத் திருப்பி, ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளின் மேல் வைத்தேன். அதன் பின்பக்கம் பளபளவென்று வெள்ளியாக இருந்தது.

சிடியைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். லேபிள் இருந்த இடம் கண்ணாடியாக இருந்தது. அதன் வழியாக என் விரல்களைப் பார்த்தேன். விரல்களுக்குப் பின்னால் தட்டில் தண்ணீரில் மிதந்த வெள்ளிச் செதில்களைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று என்னால் எழுத முடியாது.

மறுநாள் காலை பத்தரைக்கு மெக்கானிக் வந்தார். மூடியில்லாத பெட்டியைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, வாசலிலேயே, “சாரி சார், பத்து நிமிஷம் லேட்,” என்றார். நான் உட்காரச் சொன்னேன். மேசைமேல் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தார். “சும்மா ஓடறதை மட்டும் கேளுங்க, காசு வேணாம்,” என்று தன் பெட்டியை வைத்து மின்சாரம் கொடுத்து, பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டுக் காந்த வில்லையை வைத்தார். யாரோ ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நம் சிடியை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.

“இதுல எழுதியிருக்கறது அடியில இல்ல சார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. அடிப்பக்கத்துலேர்ந்து படிக்குது, அவ்வளவுதான். எழுத்து இருக்கறது மேல. ஒரு தலைமுடி கனம்கூட இல்லாத ஒரு பூச்சு. அதுக்கு மேலதான் நீங்க…” என்று நிறுத்திக்கொண்டார்.

“பசை போட்டு ஒட்டினேன்,” என்றேன்.

“திரும்ப வைக்க முடியாது சார்.”

“தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. லேபிளோட இருந்திருந்தா உங்க பெட்டி படிச்சிருக்குமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “இல்ல சார். இதுலயும் ஓடியிருக்காது. லேபிள் ஒட்டினா எதுலயும் ஓடாது.”

சொல்லிக்கொண்டே பெட்டியை நிறுத்தினார். பாட்டு பாதியில் நின்றது. சுழல்வது நின்ற அவருடைய சிடியை நான் பார்த்தேன். அதன்மேல் மஞ்சளேறிய பெரிய காகித லேபிள், ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தது. அவர் அதை அவசரமாக எடுத்துக் குப்புறத் திருப்பிப் பைக்குள் போட்டார்.

“தண்ணி ஒரு டம்ளர் கொடுங்க சார்,” என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். ஒரு பொய்கூட அவருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

மகள் சாயங்காலம் வந்தாள். லேபிளைப் பார்த்தாள், சிடியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தட்டிலிருந்த தண்ணீரைக் கொட்டப் போனாள், கொட்டாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லாதீங்கப்பா,” என்றாள் கடைசியில். “பழைய பெட்டி சிடியைக் கீறிடுச்சுன்னு சொல்லிடலாம். பெட்டிதானே, என்ன பழி வேணாலும் போடலாம். அது வாயத் தொறந்து பேசவா போகுது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். “புதுப் பெட்டி ஓடுதாப்பா?” என்று கேட்டான்.

“ஓடுது,” என்றேன். பெட்டி ஓடத்தான் ஓடியது. நாற்பது வருஷத்தில் நான் எழுதிய எந்த வரியும் அந்த ஒரு சொல்லைப் போல என்னைக் கூனிக் குறுக வைத்ததில்லை.

மறுநாள் என் மனைவியின் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். சிடி பதிவான வருஷத்து மாணவர்கள் முப்பத்தொரு பேர், முகவரியோடு. அந்தத் திருத்திய சிடியாவது யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு முப்பத்தொரு கடிதம் எழுதினேன். பதினேழு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. ஒன்பதுக்குப் பதிலே இல்லை. நாலு பேர், டீச்சர் போன செய்தியே தெரியாது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் நேரிலேயே வந்தாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருக்கிறாளாம். கைக்குட்டையில் சுற்றிச் சிடியைக் கொண்டுவந்திருந்தாள்.

“டீச்சர் குரல் இல்லாம எனக்குக் கை ஓடாது சார். இன்னைக்கும் ஜட்ஜ் ஐயா வேகமாப் பேசினா, உள்ளுக்குள்ள டீச்சர் ‘காற்புள்ளி’ன்னு சொல்ற மாதிரி இருக்கும், அதுல பிடிச்சுக்குவேன்,” என்றாள். அவள் சிடியில் லேபிள் இல்லை.

அந்தப் பெண் கிளம்பிய பிறகு அதைப் புதுப் பெட்டியில் போட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் படித்தது. கூடம் முழுக்க என் மனைவியின் குரல். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து முதல் கடிதத்திலிருந்து கேட்டேன். ஏழாவது வந்தது.

‘தாங்கள் அனுப்பியதாகக் குறிப்பிட்டுள்ள சரக்கு இன்றுவரை வந்து சேரவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன் முற்றுப்புள்ளி.’

நிற்கவில்லை. நேராக எட்டாவதுக்குப் போய்விட்டது. இதை வாசித்த அன்று அவள் உள்ளறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். “இன்னைக்கும் கதவைத் திறந்தீங்க, மைக்காலேயே மண்டையில போடுவேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் நான் காவல் இருந்தேன், இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு. அந்தப் பதிவில் என் சத்தம் துளியும் இல்லை. என் மகனும் இல்லை.

மகள் வந்ததும் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “அம்மா அன்னைக்குச் சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம்ப்பா,” என்றாள். “‘பையனா? வைக்கச் சொல்லாதீங்க, இதோ வந்துட்டேன்’னாங்க.”

“இல்லம்மா. ‘இருக்கச் சொல்லுங்க, ஒரு முற்றுப்புள்ளி வச்சுட்டு வந்துடறேன்.’”

“முற்றுப்புள்ளின்னு சொன்னது அதுக்கு முந்தி. ‘சாப்பிட்டானா’ன்னு கேட்டது கடைசில.”

“முதல்லேம்மா.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எங்களிடம் இரண்டு பிரதிகள்.

அன்று மத்தியானம் உட்கார்ந்து மகனுக்கு எழுதினேன். போனில் என்னால் முடியாது. அவன் அந்த எதிர்பார்ப்போடு விமானம் ஏறக் கூடாது.

முதலில், கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று எழுதினேன். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினேன். உன் தங்கை காத்திருக்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. மெக்கானிக்கின் பெட்டி படித்திருக்கும். அவர் இல்லை என்றார், அது என்மேல் வைத்த இரக்கம். பழைய பெட்டிமேல் பழி இல்லை. லேபிளை ஒட்டியது நான், உரித்தது நான். போனில் ‘ஓடுது’ என்று சொன்னதும் நான்.

பிறகு அன்று அவன் அம்மா சொன்னதை எழுதினேன். என் ஞாபகத்தில் இருப்பது ஒரு பத்தி, அவன் தங்கையின் ஞாபகத்தில் இருப்பது ஒரு பத்தி. அலுவலகத்தில் எத்தனையோ ஆயிரம் தாள்களின் அடியில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த இரண்டின் அடியிலும் அப்படி எழுதப் பேனாவைக் கொண்டுபோய், எழுதாமல் எடுத்துவிட்டேன்.

கடைசியாக இப்படி முடித்தேன்: ‘நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் கூடத்துக்கு ஓடிவந்த பிறகு நான்கு நிமிஷம் உன்னோடு பேசினாள். பக்கத்தில்தான் நின்றேன், நீ கிடைத்துவிட்டாய் என்ற சந்தோஷத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை. சிடியிலும் அது புரியாது. அதைக் கேட்டது நீ ஒருவன்தான். என்ன பேசினாள் என்று உன்னை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஞாபகம் இருந்தால், மறப்பதற்குள், எழுதி அனுப்பு. அதுவரை நான் இருக்கிறேன்.’

ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் உலரவைத்திருந்த லேபிளை எடுத்தேன். வளையாமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு இடையே வைத்து, வெள்ளிப் பக்கம் எது என்று அட்டையில் குறித்து, கடிதத்தோடு உறையில் போட்டேன். அவன் கேட்க நினைத்தது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. படிக்கத்தான் எந்தப் பெட்டியும் இல்லை.

பசை தடவி ஒட்டினேன். ஓரங்களை விரல் நகத்தால் அழுத்தினேன். தபால் நிலையத்தில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்துவிட்டு, அமுக்கிப் பார்த்தாள்.

“உள்ள ஏதோ அட்டையாட்டம் இருக்கே. என்னது பெரியவரே?”

“ஒரு லேபிள்மா.”

“லேபிளுக்கா இவ்வளவு தபால்தலை?” என்று சிரித்துக்கொண்டே முத்திரையை ஓங்கினாள்.

“மெதுவா,” என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உறையின் ஓரமாக, சத்தம் வராமல் முத்திரையை அழுத்தி, பின்னால் இருந்த பைக்குள் அதைக் கையால் இறக்கி வைத்தாள்.